இரண்டாம் கியர்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நம்ம மாசி 1035 டிராக்டரின் கியர் பாக்ஸைக் களத்துச் சாளைக் கொட்டகையிலேயே பிரித்து மாட்டி முடித்தேன். பிரித்தபோது பார்த்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நீ காலேஜ் படிக்கும்போது ஒருநாள் தேங்காய் லோடோடு மேட்டுப் பாதையில் ஏறினாயே. பாதி மேட்டில் இரண்டாம் கியர் நழுவி, டிரெய்லர் பின்னுக்கு இழுத்தது. நீ பயப்படாமல் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டாய். நான்தான் ஓடி வந்து, தேங்காய் போடுகிற ஆட்கள் முன்னால், கியர் போடத் தெரியாதா என்று கத்தினேன். அதற்கப்புறம் நீ அந்த சீட்டில் உட்காரவே இல்லை.

பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் பாரம் தூக்குகிற செயின் பிளாக் கொடுத்து உதவினார். முன் ஆக்சிலுக்கு மேலே இரண்டு பக்கமும் புளிய மர ஆப்பு அடித்தேன். அது இல்லாவிட்டால் வண்டியைப் பிரித்ததும் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆயிலை வடித்து, எஞ்சினை முன்னே தள்ளி, பின்பக்கமும் கழற்றி, கியர் பாக்ஸைத் தனியாக இறக்கவே இரண்டு நாள் ஆனது.

உள்ளே முன்னே போக மூன்று கியர்தான், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஹை-லோ செட் அதை ஆறாக்குகிறது. அந்த செட்டுக்குள் ஊசி மாதிரி சின்னச் சின்ன ரோலர்கள். அம்மா பழைய இட்லித் தட்டைக் கொண்டுவந்து ஒவ்வொரு குழியிலும் எண்ணிப் போட்டாள். திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக ஒட்டினோம். ஒன்று குறைந்தது. அது கிடைக்கும்வரை என்னை மூட விடவில்லை. கடைசியில் துடைக்கிற துணியில் ஒட்டியிருந்தது. உள்ளே விழுந்து பல்லுக்கு நடுவில் போயிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும்.

அப்புறம் அந்த இரண்டாம் கியர். இந்த வண்டியில் பல்சக்கரமே ஷாஃப்டின் மேல் நகர்ந்து போய் இன்னொரு சக்கரத்தின் பல்லோடு கோத்துக்கொள்ளும். அதனால் வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுதாக மிதித்துத்தான் மாற்ற வேண்டும். உனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் நான் அப்படி ஓட்டவில்லை. உழவு முடிந்து ரோடு ஏறுகிற அவசரத்தில், ஓட்டத்திலேயே கறகறவென்று தள்ளுவேன். எத்தனையோ வருஷம் அப்படித் தள்ளியதில் பல்லின் நுனி தேய்ந்து சரிந்துவிட்டது. விரலால் தடவினேன், தேய்ந்த சோப்பு மாதிரி வழுக்கியது. அந்தப் பல்லில் பாரம் ஏறினால் சக்கரம் தானாக வெளியே வந்துவிடும். பிடித்து நிறுத்த வேண்டிய ஸ்பிரிங்கும் துவண்டு கிடந்தது. யார் ஓட்டியிருந்தாலும் அந்த மேட்டில் நழுவியிருக்கும்.

தப்பு உன் கையில் இல்லை கண்ணு. பல்லைத் தேய்த்தவன் நான், திட்டு வாங்கியவள் நீ. அப்பாவை மன்னித்துவிடு.

பழைய சக்கரத்தைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போய் அளவு பார்த்து ஜோடியாகப் புதுசு வாங்கினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுப் பல்லையும் தின்றுவிடும். பேரிங், ஆயில் சீல், ஸ்பிரிங் எல்லாம் மாற்றியாகிவிட்டது. செலவை அம்மா நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், நீ பணம் அனுப்ப வேண்டாம்.

நேற்று அதே மேட்டில் லோடோடு ஏற்றினேன். கியர் ராடில் கை வைக்கவே இல்லை. உச்சி வரைக்கும் இரண்டாம் கியர் அசையவில்லை.

தேய்ந்த சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. டீசலில் கழுவிச் சாளை ஜன்னலில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது நீயே தடவிப் பார். வண்டிச் சாவி வழக்கமான ஆணியில்தான் தொங்குகிறது.

அன்புடன்,
அப்பா