அப்பத்தா சேலையை வெட்டு, தம்பி

உ
சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். கனடாவில் குளிர் இறங்கிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ கேட்ட சேலைகளைப் பார்சலில் போட்டுவிட்டேன். அப்பத்தாவின் கண்டாங்கியில் அரக்கு ஒன்று, கடுகு மஞ்சள் ஒன்று. அவற்றோடு அய்யாவின் எட்டு முழ வேட்டி இரண்டும், ஒரு புது வெள்ளை மல் துணியும் வைத்திருக்கிறேன். தையல் மிஷின் வாங்கிவிட்டேன், அப்பத்தா சேலையில் போர்வை தைக்கப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு நிறைந்து கிடக்கிறது. நாள் முழுக்க அதே நினைப்பு. போனில் சொன்னால் அளவெல்லாம் மறந்துபோகும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

உன் அத்தைக்கு மனசு ஒப்பவில்லை. "பெரியவங்க கட்டின சேலையில கத்தரிக்கோல் போடலாமா? ஒட்டுத்துணி போர்த்துற நிலைமையா நம்ம பிள்ளைக்கு?" என்று கேட்டார்கள். அது அவர்கள் அம்மா சேலை, வருத்தப்பட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அதனால் அப்பத்தா பழனிப் பாதயாத்திரைக்குக் கட்டிப்போன கறுப்புக் கண்டாங்கியை அத்தையிடமே முழுசாகக் கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டையும் வெட்டத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பெட்டியைத் திறந்து காட்டியபோது அவர்களே பார்த்தார்கள். மடித்த மடிப்பிலேயே கிடந்து, மடிப்பு ஓடிய இடமெல்லாம் நூல் விட்டிருக்கிறது. இனி அதை யாரும் கட்ட முடியாது. இன்னும் சில வருஷம் போனால் வெட்டவும் முடியாது. ஆனால் மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே துணி இன்னும் கெட்டியாக இருக்கிறது. அந்த நல்ல இடத்தை எடுத்து வேறொரு உருவத்தில் வைத்துக்கொள்வதுதான் சேலைக்கு நாம் செய்கிற மரியாதை.

ஒட்டுத்துணி என்றால் வறுமை என்று நம் ஊரில் நினைப்பு இருக்கிறது. வறுமையில் பிறந்த வேலைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள், தேய்ந்துபோன வயல்வேலை உடுப்புகளைச் சதுரமும் பட்டையுமாக வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். அதே போர்வைகளை 2002-ல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய அருங்காட்சியகங்களில் சுவரில் மாட்டிவைத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்துக் கர்நாடகத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த சித்தி சமூகத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடியில் விரித்து, மேலே துண்டுத் துணிகளை வைத்துக் கையாலேயே தைக்கிறார்கள். கவந்தி என்று அதற்குப் பெயர். ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். மூலைகளில் சின்ன முக்கோணத் துணியை மடித்து வைக்காவிட்டால் அவர்களுக்கு வேலை முடிந்ததாக இல்லை. அதைப் 'பூ' என்கிறார்கள். இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை, ஆனால் வேட்டி இரண்டையும் துவைத்துக் கொடுத்தது அவர்கள்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் போர்வைக்கு முக்கோணம், வட்டம் எதுவும் வேண்டாம். சதுரமும் செவ்வகமும் போதும். காரணம் இருக்கிறது. பாவு நூலும் ஊடை நூலும் ஓடுகிற திசையில் வெட்டினால் துணி இழுபடாது. குறுக்கே கிராஸாக வெட்டிய ஓரம் தொட்டாலே நீளும். முக்கோணத்தில் ஒரு பக்கமாவது கிராஸாகத்தான் வந்து நிற்கும். சதுரத்தின் நாலு பக்கமும் நேர் நூலில் வெட்டலாம். கண்டாங்கியில் கட்டம் நெசவிலேயே ஓடுவதால் நேர் நூலைத் தேடவே வேண்டாம், கட்டத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகலாம். ஆனால் அளவுக்கு அந்தக் கட்டத்தை நம்பாதே. கைத்தறியில் ஒரு கட்டம் கொஞ்சம் நீண்டும் ஒன்று குறுகியும் இருக்கும். திசைக்குக் கட்டம், அளவுக்கு ஸ்கேல்.

வெட்டுவதற்கு முன்னால் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். வெளிச்சம் பொத்துக்கொண்டு வருகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடு. இரண்டு கட்டை விரலாலும் லேசாக இழுத்துப் பார்த்து, நூல் விலகினால் அதையும் விடு. அப்பத்தா சேலை எத்தனையோ தடவை துவைத்தது, சாயமும் அநேகமாகப் போகாது, சுருங்கவும் சுருங்காது. வெள்ளைத் துணிதான் புதுசு. அதைத் தண்ணீரில் நனைத்து அலசிக் காயவைத்த பிறகே வெட்டு. இல்லாவிட்டால் போர்வை முடிந்து முதல் துவைப்பில் வெள்ளை மட்டும் சுருங்கிப் பக்கத்துத் துணியை இழுக்கும்.

பழைய பருத்தி துவண்டு போயிருக்கும், கத்திக்கு அடங்காது. வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து வடிகட்டி, அதில் முக்கிக் காயவைத்து இஸ்திரி போடு. காகிதம் மாதிரி நிற்கும். அப்பத்தா தன் சேலைக்கு எப்போதும் செய்ததுதான். போர்வை முடிந்ததும் கஞ்சி போகும்படி நன்றாக அலசிவிடு. கஞ்சியோடு மடித்து வைத்தால் பூச்சி தேடி வரும்.

இப்போது அளவு. இதுதான் எல்லாவற்றுக்கும் உயிர். தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் இன்ச் விட வேண்டும். நம்ம ஆசாரி கணக்கில் இரண்டு நூல், எட்டு நூல் ஒரு இன்ச். ஆகவே தைத்து முடித்ததும் என்ன அளவு வேண்டுமோ, அதோடு அரை இன்ச் கூட்டி வெட்டு. 3 இன்ச் சதுரம் தெரிய வேண்டுமென்றால் 3½ இன்ச். இந்த ஒரு கணக்கு கைக்கு வந்துவிட்டால் எந்தப் போர்வையையும் நீயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நீ தைக்கிற கால் இன்ச் உண்மையிலேயே கால் இன்ச்தானா என்று முதலில் பார். 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டிப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அள. சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் துணியை அதிகமாகப் பிடிக்கிறாய், கூடினால் குறைவாகப் பிடிக்கிறாய். ஊசியிலிருந்து கால் இன்ச் அளந்து, மிஷின் தகட்டில் ஒரு டேப் ஒட்டிவிடு. துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போகட்டும். கண் ஊசியில் இருக்க வேண்டாம், டேப்பில் இருக்கட்டும்.

அரை நூல் பிசகினால் என்ன என்று தோன்றும். தையல் இரண்டு துணியையும் பிடிக்கிறது, ஆக ஒரு தையலில் ஒரு நூல் போகும். 3 இன்ச் சதுரம் ஒன்பதை மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்தால் ஒரு கட்டம். அதில் குறுக்கே இரண்டு தையல், இரண்டு நூல் போய்விடும். பக்கத்தில் வைக்க ஒரே துண்டாக வெட்டிய துணி 9½ இன்ச் இருக்க, இது 9¼ இன்ச்தான் இருக்கும். ஓரமும் ஓரமும் சேராது. நிறைய பேர் பாதியிலேயே மூட்டை கட்டி வைப்பது இந்த இடத்தில்தான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உனக்கு நான் நினைத்திருப்பது இது. ஒரு கட்டம் ஒன்பது சதுரம், மூலைகளும் நடுவும் அரக்கு, மீதி நாலு வெள்ளை. அதற்கு அடுத்த கட்டம் ஒரே துண்டாக மஞ்சள். மாற்றி மாற்றி வைத்து அகலத்துக்கு 6, நீளத்துக்கு 8, ஆக 48 கட்டம். எல்லாம் சேர்த்துத் தைத்த பிறகு ஒரு கட்டம் 9 இன்ச், போர்வை 54 இன்ச்சுக்கு 72 வரும், ஒரு ஆளுக்குத் தாராளம். ஒன்பது சதுரக் கட்டம் 24, மஞ்சள் 24.

24 கட்டத்துக்கு 216 சதுரம். அவ்வளவையும் ஒவ்வொன்றாக வெட்டாதே. கரையை விட்டுவிட்டு, துணியின் நீளத் திசையில் 3½ இன்ச் அகலம், 44 இன்ச் நீளத்துக்குப் பட்டைகளாக வெட்டு. அரக்கு, வெள்ளை, அரக்கு என்று மூன்று பட்டையை நீளவாக்கில் தைத்தது நாலு ஜோடனை. வெள்ளை, அரக்கு, வெள்ளை இரண்டு ஜோடனை. இஸ்திரி போட்டு முனையை நேராக்கிவிட்டு, குறுக்கே 3½ இன்ச்சாக நறுக்கினால் ஒரு ஜோடனைக்கு 12 துண்டு கிடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று சதுரம் ஏற்கெனவே தைத்தபடி இருக்கும். முதல் வகை இரண்டு, நடுவில் இரண்டாம் வகை ஒன்று, கட்டம் முடிந்தது. அரக்குப் பட்டை மொத்தம் 10 தான். சேலையின் அகலத்தில் 35 இன்ச், நீளத்தில் 44 இன்ச், அவ்வளவுதான். நைந்த இடத்தையெல்லாம் தாராளமாக ஒதுக்கலாம் என்று இப்போது புரிகிறதா? மஞ்சளுக்கு 9½ இன்ச் சதுரம், அகலத்தில் நாலு வீதம் ஆறு வரிசை, 57 இன்ச். இரண்டு சேலையிலும் பாதிக்கு மேல் மிஞ்சும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

தைத்ததும் இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் வைத்து வைத்து எடு. தையலுக்கு விட்ட அந்தக் கால் இன்ச் பிடிப்பை எப்போதும் அரக்குப் பக்கம் சாய்த்துவிடு, வெள்ளைக்கு அடியில் நிழல் தெரியாது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. முதல் வகைத் துண்டில் பிடிப்பு வெளிப்பக்கம் சாயும், இரண்டாம் வகையில் உள்பக்கம் சாயும். இரண்டையும் முகத்துக்கு முகம் வைக்கும்போது அந்தப் பிடிப்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தானாகப் பூட்டிக்கொள்ளும். விரல் நுனியில் தெரியும், அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்திவிட்டுத் தை. நாலு மூலையும் ஒரு புள்ளியில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கிறது.

பழைய துணிக்குத் தையலைப் பொடியாக வை, இரண்டு மில்லிமீட்டர் போதும். பருத்தித் துணிக்குப் பருத்தி நூலே போடு. சில்க், பாலியெஸ்டர் எதையும் இதில் கலக்காதே, இஸ்திரிச் சூடும் துவைப்பும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டாங்கிக்கு அழகே அந்த அகலக் கரைதான். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு புதுசு புதுசாக நெய்கிறார்கள், நல்ல விஷயம், நானும் வாங்கினேன். ஆனாலும் அப்பத்தா காலத்துக் கரையின் கனம் தனி. அதைச் சதுரமாக நறுக்கினால் கரை என்றே தெரியாது. அதனால் அதைச் செவ்வகத்துக்கு வைத்துக்கொள். 3½-க்கு 9½ இன்ச் துண்டு மூன்றைப் பக்கம் பக்கமாகத் தைத்தால் அதே 9½ இன்ச் கட்டம்தான் வரும். நடுவில் கரை, இரண்டு பக்கமும் மஞ்சள். இருபத்து நாலு மஞ்சள் கட்டத்தில் ஏழெட்டை இப்படி மாற்று. ஒன்றில் கரை நெட்டாகவும் அடுத்ததில் படுக்கையாகவும் வை. எல்லாவற்றிலும் வேண்டாம், கண்ணுக்கு ஓய்வு வேண்டும்.

கட்டங்களை உடனே சேர்த்துவிடாதே. தரையில் முழுசாகப் பரப்பி, நாற்காலி மேல் ஏறி நின்று பார். நம் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிற அழகை நினைத்துக்கொள். பூப்போட்ட கல்லுக்குப் பக்கத்தில் வெறும் நிறக் கல் இருப்பதால்தானே பூ எடுத்துத் தெரிகிறது. உன் போட்டோவையும் அப்படித்தான் பார்ப்பேன். ஒரு ராத்திரி அப்படியே கிடக்கட்டும், காலையில் பார்க்கும்போது எது இடம் மாற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அப்புறம், உள்ளே வைக்க நாங்கள் இங்கே மார்கழிக்குப் பழைய சேலை இரண்டை மடித்து வைப்போம். உன் ஊருக்கு அது காணாது. அங்கே துணிக்கடையில் போர்வைக்கென்றே பருத்தி அடைப்பு விற்கும், எத்தனை இன்ச்சுக்கு ஒரு தையல் ஓட வேண்டும் என்று அந்தப் பொட்டலத்திலேயே போட்டிருப்பார்கள், அதை மீறாதே. அடியில் அய்யா வேட்டி. ஒரு வேட்டியின் அகலம் காணாது, இரண்டையும் சேர்த்துத் தைத்து, எல்லாப் பக்கமும் நாலு இன்ச் வெளியே நிற்கும்படி விரி. மேலே தைத்த துணி, அடைப்பு, வேட்டி மூன்றையும் சேர்த்து நடுவிலிருந்து ஓரத்துக்குப் பெருந்தையல் போட்டுக்கொண்டு, கையாலேயே ஓட்டுத்தையல் போடு. மிஷினிலும் போடலாம், ஆனால் இதைக் கையால் செய் என்று அம்மா கேட்டுக்கொள்கிறேன். ஓரத்துக்கு மிஞ்சின அரக்கில் 2½ இன்ச் பட்டை வெட்டி, இரண்டாக மடித்து வைத்துத் தைத்துவிடு.

முதலில் ஒரே ஒரு ஒன்பது சதுரக் கட்டம் தைத்து, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. பின்பக்கமும் வேண்டும், தையல் பிடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 9½ இன்ச் வந்திருந்தால் பட்டைகளை வெட்டத் தொடங்கலாம். அத்தையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை வேளையாக அனுப்பு, அவர்கள் அப்போது நம் வீட்டில்தான் இருப்பார்கள்.

அன்புடன்,
அம்மா