பால் குறைந்தது பற்றியும் அந்த ஊசி பற்றியும்

கும்பகோணம் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் பண்ணையைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்தக் குரல்பதிவை நானும் கேட்டேன். நோய் மாட்டுப் பாலை ஊற்றுகிறார்களாம், ராத்திரியோடு ராத்திரியாக ஊசி போட்டுவிட்டு இயற்கைப் பால் என்கிறார்களாம். நோய் வந்த மாட்டின் பால் ஒரு சொட்டுகூட உங்கள் வீட்டுக்கு வரவில்லை, கறந்து எருக்குழியில்தான் ஊற்றினோம்.

ஐப்பசி அடைமழையில் கொசுவும் ஈயும் பெருத்துப்போய், பதினான்கு மாட்டில் நான்குக்குப் பெரியம்மை வந்துவிட்டது. டாக்டர்கள் தோல் கழலை நோய் என்பார்கள். 2022-இல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் மாடுகளை வாரிக்கொண்டு போனதே, அதே வைரஸ். மனுஷருக்கு ஒட்டாது, மாட்டுக்கு மாடு பெரும்பாலும் கடிக்கிற பூச்சிதான் பரப்புகிறது. உங்கள் பிள்ளைகள் வந்தால் தடவிக்கொடுக்கும் செவலை லட்சுமிக்குக் கழுத்திலிருந்து தொடை வரை ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் கட்டி. முன்னங்கால் வீங்கி, படுக்க முடியாமல் இரண்டு ராத்திரி நின்றபடியே இருந்தது.

ஒளித்து ஊசி போட்டோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் வெற்றிலை, மிளகு, உப்பு அரைத்து வெல்லம் சேர்த்து ஊட்டினோம், புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் காய்ச்சிய எண்ணெய் தடவினோம். மூன்று மாடு தேறிவிட்டன. லட்சுமிக்குக் கட்டி உடைந்து சீழ் வைத்து, காய்ச்சலும் இறங்கவில்லை. டாக்டர் ஆன்டிபயாடிக் போட்டார். அவர் மற்ற ஊர்களைப் பார்த்துவிட்டு வர இரவு ஒன்பதாகிவிட்டது, அவ்வளவுதான் அந்த ராத்திரிக் கதை. சான்று போய்விடும் என்று வாயில்லா ஜீவனை வலியில் விடும்படி இயற்கைப் பண்ணைக்குத் தருகிற அங்ககச் சான்றின் விதி எங்கேயும் சொல்லவில்லை, தடுப்பூசிக்கும் தடையில்லை. மருந்து கொடுத்தால் வழக்கமாகப் பாலை ஒதுக்குகிற நாளை இரட்டிப்பாக்கு என்கிறது, அப்படியே ஒதுக்குகிறோம். என்ன மருந்து, என்றைக்கு, எத்தனை நாள் என்று டாக்டர் கையெழுத்தோடு நோட்டு இருக்கிறது. நாங்கள் இன்னும் இயற்கைக்கு மாறிக்கொண்டிருக்கிற பண்ணைதான், இது இரண்டாவது வருஷம், பாட்டிலிலும் அப்படித்தான் போட்டிருக்கிறோம். நோய் வராத பத்துக்கும், இந்த நோய்க்கும் போடுகிற ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று. முன்பே போட்டிருக்க வேண்டும், அது என் தப்பு.

நடுவில் ஒன்பது நாள் பால் பற்றாமல் பக்கத்து ஊரில் கொஞ்சம் வாங்கிச் சேர்த்தோம், அதுவும் நல்ல பால்தான். ஒன்றாம் தேதியிலிருந்து லிட்டருக்கு நாலு ரூபாய் கூடும்.

“எனக்கு அரை லிட்டர் போதும் தம்பி, குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடு” என்று சொன்ன பாட்டிக்கும், ஒருநாள்கூட பால் வேண்டாம் என்று பாட்டிலைத் திருப்பி அனுப்பாத உங்கள் எல்லோருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. லட்சுமி நேற்று தானாகவே படுத்து அசைபோட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், நோட்டையும் பாருங்கள், மாட்டையும் பாருங்கள். சொந்தமாக மாடு வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து வாருங்கள்.