துடிப்பைச் சாவியாக்கும் முன்: அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் கருவிகள் பிரிவினருக்கு,

வணக்கம்.

உடலுக்குள் பொருத்தப்படும் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி), டிஃபிபிரிலேட்டர் (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் கருவி) போன்றவற்றை, வெளியார் ஊடுருவாதபடி, நோயாளியின் இதயத்துடிப்பைக் கொண்டே பாதுகாக்கலாம் என்ற யோசனை குறித்து எழுதுகிறேன். அதன் தேவை உங்களுக்குத் தெரியும். 2008-இல் ஆய்வாளர்கள் சந்தையில் இருந்த ஒரு டிஃபிபிரிலேட்டரின் அமைப்புகளை வானொலி அலை வழியே மாற்றிக் காட்டினார்கள். 2017-இல் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கான மென்பொருள் திருத்தத்துக்கு நீங்களே ஒப்புதல் அளித்தீர்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம் என்றால், நினைவிழந்து வேற்றூர் அவசரப் பிரிவுக்கு வருபவரின் கடவுச்சொல்லை அங்குள்ள மருத்துவர் யாரிடம் கேட்பார்?

ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலானோர் 2013-இல் முன்வைத்த 'ஹார்ட்-டு-ஹார்ட்' முறை இதற்கு விடை சொல்கிறது. மருத்துவரின் புரோகிராமர் (உள்ளிருக்கும் கருவியின் அமைப்புகளை வெளியிலிருந்து மாற்றும் சாதனம்) நோயாளியின் தோலைத் தொட்டு ஈ.சி.ஜி.யை அளக்கிறது; அதே நேரத்தில் உள்ளிருக்கும் கருவியும் அளக்கிறது; இரண்டும் ஒத்துப்போனால்தான் அனுமதி. 812, 847, 829 மில்லி விநாடி என்று மாறிக்கொண்டே வரும் துடிப்பு இடைவெளிகளின் கடைசி இலக்கங்களைத் தொடாதவரால் ஊகிக்க முடியாது என்பதே இதன் பலம். முகத்தின் காணொளியிலிருந்தே துடிப்பை ஓரளவு கணிக்க முடிகிற காலத்தில் இந்தப் பலத்தையும் சோதித்தே ஏற்க வேண்டும்.

என் கவலை வேறு. சைனஸ் முடிச்சு (இதயத்தின் இயற்கையான துடிப்புத் தூண்டி) சோர்ந்து, கருவியின் அடிப்படை வேகத்திலேயே இதயம் இயங்கும் நோயாளிக்கு நிமிடத்துக்கு 60 என்று வேகம் வைத்திருந்தால், இடைவெளி ஏறத்தாழ 1000, 1000, 1000 என்றே வரும்; ஊகிக்க அங்கே என்ன இருக்கிறது? பேஸ்மேக்கரை முழுவதும் நம்பியிருப்பவருக்கே இந்தப் பூட்டு மிகவும் பலவீனமாகிறது. (இடைவெளியைக் கருவியே தீர்மானிப்பதால், சில மில்லி விநாடிகளை அது தற்போக்காகக் கூட்டிக் குறைக்கலாமே என்று தோன்றுகிறது, அது பாதுகாப்பானதா என்பதை இதய மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும்.) இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனிலோ ஒப்பிடத் தெளிவான துடிப்பே இராது. அந்த வேளைக்கென மாற்று வழி ஒன்று வைத்தால், தாக்க நினைப்பவர் அதைத்தான் முதலில் தேடுவார்.

ஆகவே, உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டத்தில் 2023 முதல் நடப்பில் உள்ள 524பி பிரிவின்படி இணையப் பாதுகாப்பு ஆவணங்களைக் கேட்கும்போது, துடிப்பை நம்பும் எந்தக் கருவிக்கும், கருவியின் வேகத்தில் இயங்கும் இதயங்களில் நடத்திய சோதனை முடிவுகளை ஆரோக்கியமானவர்களின் சராசரியில் கரைத்துவிடாமல் தனியே கேளுங்கள். அவசர வழி எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும், திறந்ததற்கான பதிவு எங்கே சேமிக்கப்படும் என்பதையும் ஒப்புதலுக்கு முன்பே எழுத்தில் பெறுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவி மென்பொருள் பொறியாளர் ஒருவர்