கைதட்டி அனுப்புவதில் என்ன அவமரியாதை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், வெளிநாட்டுக் கால்பந்து மைதானங்களில் இறந்துபோன ரசிகருக்காகக் கூட்டமே எழுந்து கைதட்டுவதையும் பாடுவதையும் பார்த்து மனம் நொந்து எழுதியிருந்தார். சாவுக்குக் கைதட்டும் காலம் வந்துவிட்டதே, அதுவும் ஆடியவருக்கு இல்லை, வேடிக்கை பார்த்தவருக்கு என்பது அவர் ஆதங்கம். கடிதத்தின் தோரணையைப் பார்த்தால் வயதில் பெரியவர் என்று தெரிகிறது. மரியாதையோடுதான் மறுக்கிறேன்.

வேடிக்கை பார்த்தவர் என்றாரே, அதிலிருந்தே தொடங்குகிறேன். இங்கிலாந்தின் வடகிழக்கில் பிளாக்ஹால் என்று ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே பிராட்லி லோரி என்று ஒரு பொடியன் இருந்தான். ஒன்றரை வயதிலேயே நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் வந்துவிட்டது. உயிர் மூச்செல்லாம் சன்டர்லாந்து அணி. 2016 செப்டம்பரில் எவர்ட்டன் அணி சன்டர்லாந்துக்கு ஆட வந்தபோது, வீரர்களோடு அவனும் மைதானத்துக்குள் வந்தான். ஆட்டத்தின் ஐந்தாவது நிமிடத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கூட்டம் பாடியது. அப்போது அவனுக்கு வயது ஐந்து. எதிரணியாக வந்த எவர்ட்டன் கிளப், அவன் சிகிச்சைக்கு 2 லட்சம் பவுண்ட் கொடுத்தது. டிசம்பரில் செல்சி ஆட்டத்துக்கு முன் வார்ம்-அப் நேரத்தில் பிராட்லி ஒரு பெனால்டி அடித்தான். கோலில் நின்றவர் செல்சியின் பெகோவிச். பந்து உள்ளே போனது. பிபிசி அதற்கு அந்த மாதத்தின் சிறந்த கோல் விருதையே கொடுத்தது. எவ்வளவோ பேர் முப்பது கெஜத்திலிருந்து அடித்தும் கிடைக்காத விருது!

ஜெர்மைன் டிஃபோ அப்போது சன்டர்லாந்தின் முன்கள வீரர். அவருக்கும் பிராட்லிக்கும் இருந்த ஒட்டுதலை அந்த ஆண்டு கால்பந்து பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2017 மார்ச்சில் வெம்ப்ளி மைதானத்தில் லித்துவேனியாவுக்கு எதிராக இங்கிலாந்து ஆடியபோது, டிஃபோவின் கையைப் பிடித்துக்கொண்டு பிராட்லி நடந்து வந்தான். அன்று டிஃபோ கோலும் அடித்தார். அந்த சீசனில் சன்டர்லாந்து கடைசி இடம் பிடித்து அடுத்த டிவிஷனுக்கு இறங்கியது. அது வேறு கதை.

ஜூலை 7-ஆம் தேதி பிராட்லி போய்விட்டான். வயது ஆறு. ஒரு வாரம் கழித்து நடந்த இறுதிச் சடங்குக்குக் கறுப்பு உடை வேண்டாம், உங்களுக்குப் பிடித்த அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே வந்தார்கள். சவ ஊர்வலம் போன தெருவில் சன்டர்லாந்தின் சிவப்பு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே எவர்ட்டனின் நீலம் தெரிந்தது, நியூகாசிலின் கறுப்பு வெள்ளையும் தெரிந்தது. சன்டர்லாந்துக்கும் நியூகாசிலுக்கும் உள்ள பரம்பரை பக்கத்து ஊர்ப் பகை தெரிந்தவர்களுக்கு இதைப் பற்றி மேலே சொல்ல வேண்டியதில்லை. டிஃபோ அதற்குள் வேறு கிளப்புக்கு மாறியிருந்தார். ஆனாலும் வந்திருந்தார். கைதட்டல் இருந்தது, அழுகையும் இருந்தது. இதில் அவமரியாதை எங்கே இருக்கிறது என்று அந்த வாசகர் எனக்குக் காட்டட்டும்.

சரி, கைதட்டும் வழக்கம் எப்படி வந்தது? பிரிட்டனில் முன்பெல்லாம் ஒரு நிமிட மௌனம்தான். அதில் ஒரு சங்கடம். எதிரணிக் கேலரியில் நாலு பேர் குடித்துவிட்டுக் கத்தினால் போதும், மௌனம் கெட்டுவிடும். 2005 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய நட்சத்திர வீரர் ஜார்ஜ் பெஸ்ட் இறந்தபோது பல மைதானங்களில் மௌனத்துக்குப் பதில் ஒரு நிமிடம் கைதட்டினார்கள். யாராவது கத்தினாலும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போகும். அதற்கப்புறம் அது பரவிவிட்டது. பெயர் வெளியே தெரியாத சாதாரண ரசிகர் இறந்தாலும், அவர் வயது 34 என்றால் 34-ஆவது நிமிடத்தில் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பந்து அந்த நேரம் யார் காலில் இருந்தாலும் சரி. ஆட்டம் நிற்பதில்லை. இருபது வருடம் அந்தக் கேலரியில் தொண்டை கிழியக் கத்தியவருக்கு அதே கேலரியிலிருந்து சத்தம்தானே பொருத்தம்?

ஆனால் எல்லா சாவுக்கும் கைதட்ட முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேரின் உயிர் போனது. அவர்களுக்கு இன்றும் மௌனம்தான், ஆட்டம் நிறுத்தப்பட்ட 3.06 மணிக்கு. பழியை முதலில் ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரி சொல்வதற்கு 2016 ஆகிவிட்டது. அந்தத் துக்கத்தில் கோபம்தான் பாதி. அங்கே போய்க் கைதட்டச் சொன்னால் எனக்கே பொறுக்காது.

அதே ஹில்ஸ்பரோவில் 2023 செப்டம்பரில் உள்ளூர் அணியான ஷெஃபீல்ட் வென்ஸ்டே ரசிகர் ஒருவர், சன்டர்லாந்து ரசிகர்களைச் சீண்டுவதற்காகப் பிராட்லியின் படத்தைத் தன் போனில் தூக்கிக் காட்டிச் சிரித்தார். வழக்கு கோர்ட்டுக்குப் போய்த் தண்டனையும் கிடைத்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நம்ம ஆள் செய்த கேவலம் என்று ஷெஃபீல்ட் ரசிகர்களே உண்டியல் ஏந்தாத குறையாகப் பணம் திரட்டி, பிராட்லியின் பெயரில் இயங்கும் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். மைதானத்தில் ஒரு நாளும் பார்த்திராத குழந்தைக்காக, இறந்து ஆறு வருடம் கழித்து.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்பவர்கள் கொல்கத்தாவைப் பார்க்கலாம். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் அந்த ஊரின் பரம வைரி அணிகளான மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். கேலரியில் மூண்ட அடிதடியும் நெரிசலும் 16 ரசிகர்களைப் பலி வாங்கின. அந்தத் தேதியை இன்றும் கால்பந்து ரசிகர் தினமாக வைத்து ரத்த தானம் செய்கிறார்கள். எந்தக் கட்சிக்காரன் ரத்தம் எந்தக் கட்சிக்காரனுக்குப் போகிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஸ்பெயினின் வாலென்சியா கிளப் இன்னொரு வழி கண்டது. விசென்தே நவாரோ என்ற ரசிகருக்கு 54 வயதில் பார்வை போய்விட்டது. அப்புறமும் மெஸ்தாயா மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார். பக்கத்தில் மகன் உட்கார்ந்து ஆட்டத்தைச் சொல்லச் சொல்லக் கேட்பார். அவர் இறந்த பிறகு, 2019-இல் கிளப்பின் நூற்றாண்டின்போது, அவர் உட்கார்ந்த 15-ஆவது வரிசை 164-ஆம் இருக்கையில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்துவிட்டார்கள். அந்த டிக்கெட்டை இனி யாருக்கும் விற்க முடியாது!

நான் இருப்பது வியாசர்பாடியில். சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுகிற ஊர். போனவன் செய்த சேட்டை, பட்ட கடன், எல்லாம் பாட்டில் வரும். அழுதுகொண்டிருப்பவர்களே சிரிப்பார்கள். கால்பந்தும் இங்கே அப்படித்தான். கோடை வந்தால் நினைவுக் கோப்பைப் போட்டிகள். ஃபிளெக்ஸில் இறந்தவர் படம், ஓரத்தில் பந்து, கீழே நுழைவுக் கட்டணமும் பரிசுத் தொகையும். பெரும்பாலும் ஆடியவர்களின் படங்கள்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸில் டீக்கடை அண்ணன் ஒருவர் இருக்கிறார். வாழ்நாளில் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. கோட்டுக்கு வெளியே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று ரெஃப்ரியைத் திட்டுவதுதான் அவர் வேலை. ஃபைனல் அன்று விசில் ஊதுவதற்கு முன்னால் அவருக்காக மேளம் அடிப்பார்கள். பசங்கள் ஆடுவார்கள். ரெஃப்ரியும் சிரித்துக்கொண்டு நிற்பார். அவர் வீட்டம்மாதான் கோப்பை கொடுப்பார். அந்த வாசகருக்கு நேரம் இருந்தால் வந்து பார்க்கட்டும், டீ என் செலவு.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வீரர்கள், பயிற்சியாளர்கள் இறந்தால் படத்தோடு குறிப்பு போடுகிறீர்கள். சந்தோஷம். கேலரியிலேயே வாழ்ந்து மறைந்தவர்களுக்கும் மாதம் ஒரு முறை அரைப் பத்தி ஒதுக்குங்கள். படமும் தகவலும் அந்தந்த ஏரியா கிளப் பசங்களே அனுப்பிவிடுவார்கள். முதல் குறிப்புக்கு டீக்கடை அண்ணனின் படத்தை அவர் குடும்பத்திடம் கேட்டு வாங்கித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகன்,
வியாசர்பாடி, சென்னை-39.