போர்வையோடு வரும் கடிதம்

கண்ணு சரவணா,

அம்மா எழுதுறேன். அப்பாவும் நானும் நல்லா இருக்கோம். மகேஸ்வரியும் யாழினிக் குட்டியும் எப்படி இருக்காங்க? போன் பண்ணா "வேலையா இருக்கேம்மா"ன்னு வெச்சுடுறே. அதான் எழுதி பார்சலுக்குள்ள வெச்சிருக்கேன். மல்லாட்டை ரெண்டு படி, மிளகாய்த்தூள், குட்டிக்கு ஒரு போர்வை இருக்கு.

மாடு கன்னு போட்டுச்சு, கிடேரி. அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான். பெரியப்பா வீட்டு விஷயம் நீ சொன்ன மாதிரியே முடிஞ்சுது, நேர்ல சொல்றேன்.

போன வாரம் தெருவுல ஒரு சங்கதி. பைக் பின்னாடி போர்வை மூட்டை கட்டிக்கிட்டு வருவாரே வடநாட்டுக்காரர், வருஷா வருஷம் பனிக்காலத்துல வர்றவரு, அவர் புளியமரத்துக்கிட்ட வண்டியை நிறுத்தினார். நம்ம கோபியும் இன்னும் நாலு பசங்களும் சுத்தி நின்னுக்கிட்டாங்க. கோபி போனை அவர் முகத்துக்குப் பக்கத்துல தூக்கிப் பிடிச்சு மாத்தி மாத்திப் பாக்குறான். அதுல ஒரு ஆளோட படம். "இந்த முகத்தை மறக்காதீங்க, பிள்ளை பிடிக்கிறவன், நம்ம ஊர்ப் பக்கம்தான் சுத்துறான், எல்லாருக்கும் அனுப்புங்க"ன்னு மேல எழுதியிருக்கு. படத்துல இருக்கிறவனுக்கு மீசை இல்ல, இவருக்கு இருக்கு. "வளர்த்திருப்பான்"ங்கிறான் ஒருத்தன். அவர் ஆதார் கார்டை எடுக்கப் பாக்குறார். கை நடுங்குது, பிளாஸ்டிக் கவரை விட்டு கார்டு வெளிய வர மாட்டேங்குது.

நான் போய் நடுவுல நின்னேன். அவரை நம்ம திண்ணையில உக்கார வெச்சு தண்ணி கொடுத்தேன். அப்புறம் கோபியைக் கூப்பிட்டு, இந்தப் படம் எங்கடா கெடச்சுதுன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "சரவணன் அண்ணன் ஸ்டேட்டஸ்ல பாத்தேன் அத்தை. அண்ணன் போட்டா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்"னான்.

அப்பாகிட்ட சொல்லல. உங்கிட்டயும் போன்ல கேக்க வாய் வரல.

தேவி மக லீவுக்கு வந்திருந்தா. அந்தப் படத்தை கூகுள்ல போட்டுத் தேடிக் காமிச்சா. அதே ஆள், அதே சட்டை. வேற ஊர்ப் பேரோட, வேற மொழியில, வருஷக்கணக்கா சுத்திக்கிட்டு இருக்கு. தேடுறதுக்கு முன்னாடியே பாத்திருக்கலாம்டா. அவன் பின்னாடி ஒரு கடை போர்டு இருக்கு, அதுல ஒரு எழுத்துகூட தமிழ் இல்ல. நம்ம ஊர்ப் பக்கம்னு இருக்கே தவிர எந்த ஊர், எந்த தேதி, எந்த ஸ்டேஷன்ல புகார் கொடுத்தாங்கன்னு ஒண்ணும் இல்ல. அனுப்பு அனுப்புன்னு மட்டும் இருக்கு. நீ பாக்காம போட்டுட்டே. நீயா இதை?

2023 மார்ச் மாசம் நெனவு இருக்கா? தமிழ்நாட்டுல பீகார்க்காரங்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு எங்கெங்கயோ நடந்த சண்டை வீடியோவை எல்லாம் பரப்பிவிட்டாங்களே. டிஜிபியே வீடியோவுல வந்து பொய்னு சொன்னாரு, பீகார்ல இருந்து அதிகாரிங்க திருப்பூருக்கே வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க. உங்க பனியன் கம்பெனிப் பையன் ஒருத்தன் பையைத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினப்ப, நீ ராத்திரி பத்து மணிக்குப் போய் அவன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தியே. உனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக் கொடுத்த பையன். அதைக் கேட்டு நான் தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், என் மவன் அப்படின்னு. இப்போ அந்தப் பையன் உன் ஸ்டேட்டஸைப் பாத்திருந்தா என்ன நெனச்சிருப்பான்?

குட்டி பொறந்ததுல இருந்து உனக்குப் பயம். எனக்குப் புரியாதா? பயம் வந்தா கை முந்திக்கும். எனக்கும் அப்படித்தான் ஆச்சு. இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

2018 மே மாசம் தேவி பையன் நம்ம வீட்டுல இருந்தான், சின்னக் குழந்தை. பிள்ளை பிடிக்கிற கும்பல் வடக்கே இருந்து வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் வந்துச்சு. ஒரு பொம்பளை அழுதுக்கிட்டே பேசுவா. நீ பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தே. "இது பொய்ம்மா, யார் பேசுறா, எந்த ஊரு, ஒண்ணும் சொல்லல பாரு"ன்னே. "உனக்கொரு பிள்ளை பொறந்தா தெரியும்டா"ன்னு உன்னைத் திட்டிட்டு, மகளிர் குழுவுக்கு, மாமா வீட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்கு எல்லாருக்கும் அனுப்பினேன். அஞ்சு பேருக்கு மேல அனுப்ப முடியாதுங்கிற கட்டுப்பாடெல்லாம் அப்புறம் ஜூலையிலதான் வந்துச்சு.

மே 9, புதன்கிழமை, போளூர்கிட்ட அத்திமூர் பக்கம் அது நடந்துச்சு. குலதெய்வத்தைக் கும்பிட சென்னையில இருந்து கார்ல வந்த குடும்பம். வழி கேக்க நிறுத்தினப்ப பிள்ளைங்களுக்கு சாக்லேட் கொடுத்திருக்காங்க. அவ்வளவுதான். துரத்திப் பிடிச்சு அடிச்சு, 65 வயசு அம்மா செத்துப் போனாங்க. அதே வாரம் பழவேற்காட்டுல ஒரு மனநலம் சரியில்லாதவரை அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்கவிட்டாங்க. அத்திமூர் நமக்கு எவ்வளவு தூரம்னு உனக்குத் தெரியும். நான் அனுப்பினது யார் போனுக்கெல்லாம் போச்சு, எந்த ஊர் வரைக்கும் போச்சு? எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வழியில்ல. அன்னிக்கு ராத்திரி அந்த வாய்ஸை அழிச்சேன். நீ ஒண்ணும் கேக்கல. "நீ சொன்னியே"ன்னு ஒரு வார்த்தை நானும் சொல்லல. அப்ப எல்லார் போன்லயும் சுத்தின, பைக்ல பையனைத் தூக்கிட்டுப் போற வீடியோ கராச்சியில எடுத்த விழிப்புணர்வுப் படம், திரும்பக் கொண்டுவந்து விடுற இடத்தை வெட்டிட்டாங்கன்னு அப்புறம் ஒரு நாள் நீ சொன்னப்ப, நான் எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன். ஏன்னு இப்போ தெரிஞ்சிருக்கும்.

இப்பவும் போளூர் பஸ்ல போறப்ப கோயிலுக்குப் போற குடும்பம் யாராவது ஏறினா நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன்.

கொஞ்சம் பொறுடா. அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடி. யார் சொன்னது, எப்ப, எந்த ஊர்னு பாரு. ரெட்டை அம்புக்குறி இருந்தா கை கை மாறி வந்ததுன்னு நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தே. நெசமாவே சந்தேகம்னா பிள்ளைங்களுக்கான உதவி எண் 1098 இருக்கு, போலீஸுக்கு 100 இருக்கு, அவங்களுக்கு போன் பண்ணு. குட்டியை வெளிய தனியா விடாதே, அது வேற. ஆனா அனுப்பாதே கண்ணு. கொஞ்சம் பொறு.

ஸ்டேட்டஸ் ஒரு நாள்ல தானா போயிடும்னு விட்டுடாதே. அது பொய், நான் தெரியாம போட்டுட்டேன்னு அதே இடத்துல போடு. வெக்கமா இருந்தாலும் போடு. எனக்கு அந்தத் தைரியம் அன்னிக்கு இல்ல. கோபிக்கு நீயே ஒரு போன் பண்ணிடு, நான் சொன்னதைவிட நீ சொன்னா கேப்பான்.

போர்வை அவர்கிட்ட வாங்கினதுதான். 350 சொன்னார், பேரம் பேசல. பூப்போட்டது, குட்டிக்குப் புடிக்கும். ஒரு வெயில் காய வெச்சுட்டுப் போத்து. போறப்ப தண்ணி கேட்டு இன்னொரு சொம்பு குடிச்சுட்டு, அடுத்த வருஷம் இந்தத் தெருவுக்கு வரலாமான்னு கேட்டார். வாங்கன்னு சொல்லியிருக்கேன்.

அம்மா