பங்கு பிரித்து வைக்கும் பெரியவர்களுக்கு

ஈரோட்டு மஞ்சள் மண்டிக் குடும்பங்களில் அண்ணன் தம்பி பிரியும்போது நடுவில் உட்கார்ந்து பேசும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நாற்றுப் பண்ணை வைக்கும் ஆசையில், நாற்பத்தாறு வயதில் குடும்ப மண்டியை விட்டு வெளியே வந்தவன் நான். அண்ணனோடு சண்டை எதுவும் இல்லை.

நீங்கள் உட்கார்ந்தால் பாதிப் பொழுது “அப்பா பேரு என்னாகும்?” என்பதிலேயே போய்விடுகிறது. அப்புறம் கடை யாருக்கு, கிடங்கு யாருக்கு என்று வாய்வார்த்தையாக முடித்து அனுப்புகிறீர்கள். போகிறவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் காகிதங்களை யாரும் கேட்பதில்லை.

1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடாவிட்டால், பின்னால் மண்டி வாங்கும் கடனும் போனவர் தலையில் விழக்கூடும். பதிவு செய்த நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தகவல் தருவதோடு அரசிதழிலும் உள்ளூர் மொழி நாளிதழிலும் அறிவிப்பு வரவேண்டும். பேப்பரில் போட்டால் மானம் போய்விடும் என்று தயவுசெய்து தடுக்காதீர்கள். வங்கி ஓ.டி.க்கு, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடனுக்கு, போட்ட ஜாமீன் கையெழுத்தும் மண்டிப்படி இறங்கியதும் தானாக ரத்தாவதில்லை. விடுவித்துவிட்டோம் என்று வங்கி எழுதித் தரவேண்டும்.

என்னை அதிகம் வருத்துவது உழைப்புக் கணக்கு. எங்களுக்குச் சம்பளம் என்று ஒன்று இருந்ததில்லை; வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் எடுத்துக்கொள்வோம். வேலை செய்யும் பங்குதாரருக்குச் சம்பளம் உண்டு என்று கூட்டுப் பத்திரத்தில் எழுதியிருந்தால், குறிப்பிட்ட வரம்புவரை வருமான வரிச் சட்டமே அதைச் செலவாக ஏற்கும். எங்கள் பத்திரத்தில் அந்த வாசகம் இல்லை. விடியற்காலையில் மூட்டை பிரித்து, ஏலம் முடித்து, வெளியூர் வசூலுக்கு அலைந்த வருடங்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. “இத்தனை நாள் அதுலதானே சாப்பிட்டே?” என்று உங்களில் ஒருவர் கேட்டார். இன்றும் வலிக்கிறது.

“பணத்தை அடுத்த சீசனில் பார்க்கலாம்” என்று தள்ளுகிறீர்கள். கணக்கு முடிக்காமல் விலகியவர் பங்கைத் தொழிலிலேயே ஓட்டினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அதற்குரிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதையும் அதே இடத்தில் சொல்லிவிடுங்கள்.

தை, மாசியில் புது மஞ்சள் வரத்து தொடங்கிவிட்டால் கணக்குப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு முன்பே, ஒரு ஆடிட்டரையும் வக்கீலையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். விலகுகிறவரின் மனைவியையும் கூப்பிடுங்கள். மண்டிக்காக அடகுக்குப் போன நகை அவருடையது.