சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு பழக்கூடை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். படங்களை அச்சிட்டுத் தரும் எங்கள் கடையில் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் அதிகம் கேட்பது இரண்டு படங்கள். பூஜை அறைக்குச் சாமி படம். சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்ட, பழமோ பூவோ பாத்திரமோ இருக்கிற பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் பிரதி. சாமி படத்தை எங்களைவிட நீங்களே நன்றாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள். இரண்டாவதில்தான் தடுமாற்றம் வருகிறது. போனில் ஒவ்வொருவரிடமும் சொல்லிவந்ததை இந்தத் தடவை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒருவர், டச்சு ஓவியர் வில்லெம் கிளாஸ் ஹேடா 1635ல் வரைந்த ஓவியத்தைக் கேட்டு வந்தார். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது அது. வெள்ளைத் துணி விரித்த மேசை, கவிழ்ந்து கிடக்கும் வெள்ளிக் கிண்ணம், தங்க முலாம் பூசிய உயரமான கோப்பை, சிப்பிகள், பாதி உரித்த எலுமிச்சை. படம் முழுக்கச் சாம்பல் நிறமும் பழுப்பும் மங்கலான ஒரு பச்சையும்தான். “டல்லா இருக்கே, கொஞ்சம் பளிச்சுனு பண்ணிக் கொடுங்க” என்றார். பண்ணிக் கொடுத்தோம்.

அப்புறம் வேறு வேலையாக அவர் வீட்டுக்குப் போனபோது சுவரில் அதைப் பார்த்தோம். பின்னால் இருந்த சுவர் பளிச்சென்று இருந்தது, துணி பளிச்சென்று இருந்தது. தங்கக் கோப்பையைத்தான் காணவில்லை. அதுவும் மற்றவற்றோடு ஒன்றாகப் போய்விட்டது. மூலத்தில் அந்தக் கோப்பை மின்னுவதற்குக் காரணமே சுற்றியுள்ள எல்லாம் அடங்கி இருப்பதுதான். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் ஹேடாவும் பீட்டர் கிளாஸ் என்ற இன்னொரு ஓவியரும் வேண்டுமென்றே நிறங்களைக் குறைத்துக்கொண்டு வரைந்தார்கள். அது வயதால் வந்த அழுக்கு இல்லை. ஈயத் தட்டில் விழும் வெளிச்சத்துக்கும் கண்ணாடியில் விழும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அவர்கள் கண்ட வழி அது. அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துவந்து, பணம் வாங்காமல் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம். அன்றிலிருந்து நிறத்தைக் கூட்டித் தரும் வேலையை நாங்கள் செய்வதில்லை.

“அப்படியானால் பழைய ஓவியத்தில் நிறமே மாறாதா?” என்று கேட்கலாம். மாறும். பழைய டச்சு மலர் ஓவியங்கள் பலவற்றில் இலைகள் நீலமாக இருக்கும். அச்சில் கோளாறு என்று நினைத்து எங்களிடம் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. நீலத்தின் மேல் செடிச்சாயத்தில் செய்த மஞ்சளை மெல்லப் பூசித்தான் அந்தப் பச்சையைக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்துப் போனது, நீலம் தங்கிவிட்டது. வான்கோ 1890ல் வரைந்த ரோஜாக்கள் இன்று வெள்ளையாகத் தெரிகின்றன. அவர் தீட்டியது இளஞ்சிவப்பு. இதையெல்லாம் கணினியில் “சரி” செய்துவிடலாம்தான். ஆனால் எவ்வளவு பச்சை, எவ்வளவு சிவப்பு என்பதை நாங்கள் ஊகிக்க வேண்டிவரும். அதனால் இன்று அருங்காட்சியகச் சுவரில் எப்படி இருக்கிறதோ அப்படியே தருகிறோம்.

அடுத்தது அளவு. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன் 1761ல் வரைந்த காட்டு ஸ்ட்ராபெரிக் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். கூடையில் கோபுரமாகக் குவித்த பழங்கள், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், இரண்டு வெள்ளைக் கார்னேஷன் பூக்கள், ஒரு பீச், இரண்டு செர்ரி. அவ்வளவுதான் படம். 2022ல் பாரீஸில் அது 2.4 கோடி யூரோவுக்கு மேல் ஏலம் போனது. பிரான்ஸ் அரசு அதைத் தேசியச் செல்வமாக அறிவித்து நாட்டைவிட்டுப் போகாமல் நிறுத்தியது. பொதுமக்கள் ஆயிரக்கணக்கானோர் போட்ட பணமும் சேர்ந்து 2024ல் பாரீஸின் லூவ்ர் அருங்காட்சியகம் அதை வாங்கியது. இத்தனை பேசப்பட்ட ஓவியத்தின் அளவு வெறும் 38 × 46 செ.மீ. ஒன்றே கால் அடி உயரம், ஒன்றரை அடி அகலம். பக்கத்தில் நின்று பார்ப்பதற்கென்று வரைந்தது.

இதை நாலடிக்குப் பெரிதாக்கினால் ஒவ்வொரு பழமும் தக்காளி அளவுக்கு ஊதிவிடும். படத்தில் இருக்கிற அமைதி போய்விடும். ஹேடாவின் ஓவியமோ 88 × 113 செ.மீ. பெரிய சுவர் உங்களிடம் இருந்தால் அதைக் கேளுங்கள். சின்னச் சுவருக்கு ஷார்தேன். மூல அளவிலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். சுவர் பெரிதாக இருந்து மனசு ஷார்தேனில்தான் என்றால், சின்னதாகவே மாட்டிச் சுற்றிலும் சுவரைக் காலியாக விடுங்கள். எங்கள் கடையிலும் அப்படித்தான் மாட்டியிருக்கிறோம்.

அச்சிடத் தேவையான கணினிக் கோப்பு பற்றி ஒரு கணக்கு. நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 60 செ.மீ. அகலத்துக்கு ஏறத்தாழ 7,000 புள்ளிகள். 1,600 புள்ளி அகலத்தில் உங்கள் போனுக்கு வந்த படம் 13 செ.மீ. வரைதான் தெளிவாக வரும். ஆகவே படத்தை அனுப்ப வேண்டாம், ஓவியத்தின் பெயரை அனுப்புங்கள். ரெய்க்ஸ் அருங்காட்சியகமும், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டும், வாஷிங்டன் நேஷனல் கேலரியும் பழைய ஓவியங்கள் பலவற்றின் பெரிய கோப்புகளை இலவசமாகவே தருகின்றன. பெயர் மட்டும் போதாத இடமும் உண்டு. “வான்கோ சூரியகாந்தி” என்றால் எது? 1888ல் வரைந்து இப்போது லண்டனில் இருப்பதா, 1889ல் வரைந்து ஆம்ஸ்டர்டாமில் இருப்பதா, மியூனிக்கில் இருக்கிற நீலப்பச்சைப் பின்னணி உள்ளதா? மூன்றும் மூன்று படம். பிக்காசோவை மட்டும் கேட்காதீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருஷம் வரை பதிப்புரிமை உண்டு. அவர் இறந்தது 1973ல்.

“ஜிக்லே பிரிண்ட்டா?” என்று சிலர் கேட்கிறார்கள். மை பீய்ச்சி அச்சிடுவதற்கு 1991ல் அமெரிக்க அச்சாளர் ஜாக் டுகான் வைத்த பெயர் அது. பெயரைக் கேட்டு மயங்காமல், எந்த மை, எந்தத் தாள் என்று கேளுங்கள். எங்களிடம் மட்டுமல்ல, எந்தக் கடையிலும் கேளுங்கள். சாய மை சீக்கிரம் வெளுக்கும், நிறமி மை நிற்கும். கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தாளில் பெரும்பாலும் வெண்மையூட்டி கலந்திருக்கும். சில வருஷத்தில் அது பழுத்துப்போகும். அமிலமில்லாத பருத்தித் தாள் முதலிலேயே லேசான பால் நிறத்தில் இருக்கும், அப்படியே இருக்கும்.

கேன்வாஸ்தான் ஒசத்தி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஹேடா அந்த ஓவியத்தை வரைந்தது மரப்பலகையில். அதைக் கேன்வாஸில் அச்சிட்டால் மூலத்தில் இல்லாத துணி நெசவு கண்ணாடிக் கோப்பையின் மேல் ஓடும். அதற்கு வழுவழுப்பான மேட் தாள்தான் பொருத்தம். ஷார்தேன் துணியில் வரைந்தவர், அவருக்குக் கேன்வாஸ் சரி. வான்கோவின் கனத்த தீற்றலை எந்த அச்சும் தராது. அச்சின் மேல் தெளிந்த பசையைத் தூரிகையால் இழுத்து மேடு பள்ளம் காட்டித் தருகிற வழக்கம் உண்டு. அந்தத் தீற்றல் வான்கோ இழுத்த திசையில் போகாது. அதனால் நாங்கள் செய்வதில்லை.

பிரேம் விஷயத்தில் சுருக்கமாக: ஹேடாவுக்குக் கறுப்பு மரம், ஷார்தேனுக்கு அடங்கிய பொன் நிறம். தாளில் அச்சிட்டதற்குக் கண்ணாடி அவசியம், ஆனால் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. இடையில் மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை, வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர், மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் இரண்டும் வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும் முன் சுவரின் அகலத்தை டேப் வைத்து அளந்து, பகலில் எடுத்த ஒரு போட்டோவோடு வாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் படத்தின் ஒரு பகுதியை ஏ4 அளவில் அச்சிட்டுத் தருவோம். அதை வீட்டில் அந்தச் சுவரிலேயே ஒட்டி, காலையில் ஒரு தடவை, இரவு விளக்குப் போட்டு ஒரு தடவை பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் முழுப் படத்தை அச்சிடுவோம். நிறம் கூட்டி அச்சிட்டு நாங்கள் திரும்ப எடுத்துவந்த அந்த ஹேடாவையும், சரியாக அச்சிட்ட ஒன்றையும் கல்லாவுக்குப் பின்னால் அருகருகே மாட்டி வைத்திருக்கிறோம். மாலை நாலு மணி வாக்கில் அங்கே நல்ல வெளிச்சம் விழும். அப்போது வந்து பாருங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து